ஸர் பிரெடரிக் பாண்டிங்

பொருள் ஈட்டிப் புகழ் பெற்றோர் உலகில் பலர்; கைக்கு வந்த பொருளைப் பிறர் உயிரின் பொருட்டு விட்டுவிட்டுப் புகழ் பெற்றோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் இன்சுலின் கண்ட கானடா தேசத்து வைத்தியர் ஸர் பிரெடரிக் பாண்டிங். நீரிழிவு செல்வர்க்கே உரிய நோய் என்று எண்ணிய காலம் போயிற்று. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வர்த்தகரின் மாளிகையிலும், மலைச் சரிவில் காய் பறிக்கும் கூலியாளின் குடிசையிலும் அது ஒருங்கே புகுந்திருக்கிறது. ஆதலின் இப்பெரியாரின் சரித்திரத்தை நம்மவர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பாண்டிங் 1891ஆம் வருஷம் நவம்பர் 14ந் தேதி ஒண்டாரியோ மாகாணத்து அலிஸ்டன் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். டொராண்டோ ஸர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றார். முதல் மகாயுத்தத்தில் படை வைத்தியராகச் சென்று, 1918ல் காயமுற்றும் பிறர் காயங்களுக்குச் சிகிச்சை செய்து வீரப் பதக்கம் பெற்றார். யுத்தம் முடிந்தபின் கானடாவிலுள்ள லண்டன் நகரில் வைத்தியசாலை திறந்தார். நோயாளிகள் வந்தாரில்லை. 1920 ஜூலையில் அவருக்குக் கிடைத்த மாத வரும்படி நான்கே டாலர்!

நீரிழிவு நம் முன்னோர் அறியாத நோயன்று. சிறுநீர் இனிப்பதையும் அதனை எறும்பு மொய்ப்பதையும் ஆயுர்வேத ஆசிரியர்கள் குறித்திருக்கின்றனர். கணையத்தை நீக்கினால் நாய்க்கு நீரிழிவு உண்டாகும் என்று 1889ல் ஜெர்மானிய அறிஞர்கள் காட்டினர். எனினும் பரிகாரம் கிடைத்திலது. இந்நோய் கண்ட குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிர் தாங்கச் செய்வதே அந்நாளைய சிகிச்சை.

1920 அக்டோபர் இறுதியில் ஓரிரவு பாண்டிங்கின் உள்ளத்தில் ஒரு கருத்து உதித்தது. கணையத்தின் குழாய்களைக் கட்டிவிட்டு, அதனுள் சுரக்கும் ஸாரத்தைப் பிரித்தெடுக்கலாகாதா என்பதே அது. டொராண்டோவில் பேராசிரியர் மக்லியாடிடம் இடமும் நாய்களும் பெற்று, பெஸ்ட் என்னும் இளைஞரைத் துணைக்கொண்டு 1921 மே மாதம் வேலை தொடங்கினார். ஆண்டின் முடிவில் ரஸாயன நிபுணர் காலிப் சேர்ந்தார். 1922 ஜனவரி 11ந் தேதி லியோனார்டு தாம்ஸன் என்னும் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்து சுத்தமாயில்லை, பலன் சொற்பம், ஊசியிட்ட இடமும் பழுத்தது. காலிப் சுத்தி செய்த மருந்தை 23ந் தேதி செலுத்தியபோதோ சர்க்கரை இறங்கிற்று, சிறுவன் தேறினான்.

மருந்து கிடைத்தபின் எழுந்த கேள்வி அளவைப் பற்றியது. குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் சர்க்கரை அதிகமாகத் தாழ்ந்து வலிப்பும் மயக்கமும் மரணமும் நேரும். முயல்களின் மீது சோதித்து யூனிட் என்னும் அளவை வகுத்தனர். நம் நாட்டில் வழங்கும் புட்டிகளில் 1 மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளவையும் 100 யூனிட் உள்ளவையும் உண்டு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஊசிக்குழலில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே சென்றுவிடும். கைக்குழந்தைக்கோ அரை யூனிட்டும் அதிகமாகலாம். ஆகவே 40 யூனிட் மருந்து ஒரு பங்குக்கு, அதற்கென்றே செய்த கலவை நீர் மூன்று பங்கு சேர்த்து 10 யூனிட் வலுவாக்கிக் கொடுக்கும் முறை ஏற்பட்டது. அப்போது குழலின் ஒரு கோடு கால் யூனிட்டாகும். இது வைத்தியர் மேற்பார்வையில் செய்யத்தக்கதேயன்றி, வீட்டில் தண்ணீர் கலந்து பார்க்கத்தக்கதன்று.

பாண்டிங் நினைத்திருந்தால் கோடீசுவரராகியிருக்கலாம். ஆயினும் அவரும் பெஸ்டும் காலிப்பும் தங்கள் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு ஸர்வகலாசாலைக்கு விற்றுவிட்டனர். தனி மனிதர் எவரும் அதனை ஏகபோகமாக்கலாகாது என்பதே நோக்கம். 1923ல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் வந்தது. பெஸ்ட் விடப்பட்டது கண்டு பாண்டிங் தம் தொகையில் பாதியை அவருக்கு அளித்தார். 1934ல் ஸர் பட்டம் பெற்றார். இரண்டாம் மகாயுத்தத்தில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட விமானம் நியூபவுண்ட்லாந்தில் விழ, 1941 பிப்ரவரி 21ந் தேதி தம் 49ஆம் வயதில் உயிர் நீத்தார். அவர் பிறந்த நவம்பர் 14 இன்று உலக நீரிழிவு தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஒரு டாலருக்குக் கொடுத்த அம்மருந்தின் உலக வியாபாரத்தில் பெரும்பகுதி இன்று மூன்று கம்பெனிகளின் கையில் இருப்பது காலத்தின் கொடுமையே. நம் நாட்டிலும் இன்சுலின் செய்யும் தொழிற்சாலைகள் உள்ளன. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இலவசமாகவும் கிடைக்கிறது. 2021 முதல் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டமும் நடைபெறுகிறது. ஆனால் விடியுமுன் ஜீப்பேறி போடிமெட்டைக் கடந்து மலைக்குச் சென்று, அந்தியில் திரும்பும் தொழிலாளியைப் பகலில் தேடினால் எங்ஙனம் காண முடியும்? அவர் திரும்பும் நேரத்தில் மருந்து கொடுப்போர் வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு உண்ணாமல் மேடேறினால் மயக்கம் வரும், மடியில் சிறிது சர்க்கரை இருக்கட்டும் என்று சொல்லுவோர் வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணல் சூழ்ந்த மண்பானையில் மருந்தைக் காக்கக் கற்பிப்போர் வேண்டும். தோட்ட முதலாளிகளும், நகரசபையாரும், தேசத்தொண்டு செய்யும் நம் இளைஞர்களும் இப்பணியை மேற்கொள்வார்களாக. பாண்டிங் விட்டுக்கொடுத்த செல்வம் மலைச் சரிவின் கடைசிக் குடிசையை அடையும்போதே அத்தியாகம் முழுமை பெறும்.