பாவால் சந்நியாசி

கிழக்கு வங்காளத்தில் டாக்கா நவாபின் சொத்துக்கு அடுத்த பெருமை பாவால் சமீனுக்கு உண்டு. அதன் தலையூர் ஜயதேவபுரம். இராசேந்திர நாராயணர் 1901இல் மறைந்தபின் புதல்வர் மூவரும் உரிமை எய்தினர். நடுமகன் இரமேந்திர நாராயணர் 1884இல் பிறந்தவர். கல்வியில் நாட்டம் இல்லை. கையெழுத்திடும் அளவே எழுத்தறிவு. யானைக் கொட்டிலும் புலி வேட்டையுமே அவருலகம். 1902இல் விபாவதியை மணந்தார். தீயொழுக்கத்தால் மேகநோயும் பற்றியது.

1909ஆம் ஆண்டு ஏப்ரலில் மனைவி, மைத்துனர் சத்தியேந்திரநாதர், குடும்ப மருத்துவர் ஆகியோருடன் டார்ஜிலிங் சென்றார். மே மாதம் 8ஆம் நாள் இறந்தார் என்று ஊருக்குச் செய்தி வந்தது. ஆயுள் காப்பீட்டுப் பணமும் மனைவிக்கு வழங்கப்பெற்றது. 1910இல் மூத்தவரும் 1913இல் இளையவரும் மறைய, பிள்ளையற்ற கைம்பெண்கள் மூவர் எஞ்சினர். சமீன் அரசின் மேற்பார்வைக்குள் சென்றது.

பன்னீராண்டுகள் கழிந்தன. 1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாக்காவின் ஆற்றங்கரையில் நீறு பூசிய சடைமுடிச் சந்நியாசி ஒருவர் அமர்ந்திருந்தார். வங்கமொழி அவர் நாவில் தட்டுத்தடுமாறி வந்தது; இந்தியே மிகுதி. சகோதரி சோதிர்மயி அவரை இல்லத்திற்கு அழைத்து, உண்ணும் முறையையும் கால் தோலின் சொரசொரப்பையும் உற்றுநோக்கினார். அத்தோல் அக்குடும்பத்தார் பலர்க்கும் உண்டு. மே மாதம் 4ஆம் நாள், குடிகள் திரண்டிருக்க, தாமே நடுக்குமாரர் என அவர் வெளிப்படுத்தினார். இடுகாட்டில் பெருமழை பெய்து பிணம் தூக்கியோர் சிதறினர், நாகா துறவியர் தம்மை எடுத்துக் காத்தனர், நினைவு நெடுங்காலம் மீளவில்லை என்பது அவர்தம் கூற்று.

அரசு நம்பவில்லை. அடுத்த மாதமே கலெக்டர் லிண்ட்சே, அவர் போலி என்றும், அவருக்கு வரி செலுத்துவோர் தம் பொறுப்பிலேயே செலுத்துவர் என்றும் அறிவித்தார். இங்குதான் ஒரு புகைப்படம் கதைக்குள் நுழைகின்றது. அவருடைய படத்துடன் காவல்துறையினர் பஞ்சாப் சென்றனர். தருமதாஸ் என்னும் துறவி அதனைக் கண்டு, இவன் தன் சீடன் சுந்தரதாஸ், பூர்வாசிரமத்தில் ஔஜ்லா என்னும் சிற்றூரின் மால் சிங் என்று மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் தந்தார். ஜயதேவபுரத்தின் இளவரசரா, ஔஜ்லாவின் உழவரா? ஒரு மனிதர் எந்த ஊருக்கு உரியவர் என்னும் வினாவே பின்னர் வழக்கானது.

1930இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1933இல் விசாரணை தொடங்கியது. வாய்தாவிலேயே வயது கழிந்த கதைகள் சைதாப்பேட்டை நீதிமன்ற வாயிலில் நிற்போர்க்குப் புதியன அல்ல. எனினும் இவ்வழக்கின் அளவு வியப்பூட்டுவது. இருதரப்பிலும் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள். ஓவியர்களும் புகைப்படக் கலைஞர்களும் பழைய படங்களையும் புதிய முகத்தையும் ஒப்பிட்டுத் தம்முள் முரண்பட்டனர். இறப்பு நேர்ந்தது மாலையிலா நள்ளிரவிலா என்பது பெரும்பூசலாயிற்று; மாலை எனின் இரவில் ஓர் ஊர்வலமும் மழையும் இயலும், நள்ளிரவு எனின் மறுநாட் காலைத் தகனம் ஒன்றே எஞ்சும். நீதிபதி பன்னாலால் பாசு உடலையே ஏடாக வாசித்தார் எனலாம்: வண்டிச் சக்கரம் ஏறிய கணுக்கால் தழும்பு, கால் தோல், முடியின் நிறம். 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் அவரே குமாரர் எனத் தீர்ப்பளித்தார். ஔஜ்லாக் கதை ஏற்கப்படவில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் மூவருள் இருவர் உடன்பட, லாட்ஜ் என்னும் நீதிபதி மாறுபட்டார்.

நளவெண்பா பயின்றோர்க்கு ஓர் எண்ணம் எழாதிராது. உருமாறிய வாகுகனைச் சமையலின் சுவையால் அறிந்தவள் தமயந்தி. இங்கோ உடன்பிறந்தாள் அறிந்தாள், குடிகள் அறிந்தனர், மனைவி அறியவில்லை. விபாவதி அவரைத் தம் கணவராக இறுதிவரை ஏற்கவில்லை. வழக்கில் தோற்றவர் என்பதனால் அவரைப் பொய்யர் எனக் கருதுவது பொருந்தாது. கொண்டவன் உடல் எரிந்ததாகவே நம்பி வாழ்ந்தவர்க்கு, பிறிதொருவரின் தழும்புகளைக் காட்டி நீதிமன்றம் என்ன உணர்த்திவிட இயலும்?

1946ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் இலண்டன் பிரிவி கவுன்சில், இரு நீதிமன்றங்களும் கண்ட உண்மையில் தலையிட மறுத்து, மேல்முறையீட்டைத் தள்ளிற்று. சில நாட்களுக்குள் அவர் கல்கத்தாவில் காலமானார். இம்முறை ஈமக்கடன் குறித்து எவரும் வழக்காடவில்லை. ஜயதேவபுரத்து அரண்மனையில் பின்னாளில் வங்காளதேசத்தின் காசிப்பூர் மாவட்ட ஆட்சி அலுவலகங்கள் அமைந்தன.