கெடிஸ்: வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல தோட்டம் வெச்சவர்

நம்ம ஊர்ல கெட்டிக்காரப் பயலை 'எம்டன்'னு சொல்வாங்க இல்லையா? 1914-ல மெட்ராஸ் மேல குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பல்தான், அடுத்த மாசமே இன்னொரு கப்பலையும் மூழ்கடிச்சது. அதோட கடலுக்குள்ள போனது ஒரு மனுஷன் பல வருஷமா சேர்த்து வெச்ச நகர வரைபடங்கள். அவர் பேரு பேட்ரிக் கெடிஸ்.

1854-ல ஸ்காட்லாந்துல பிறந்தவர். ஹக்ஸ்லிகிட்ட உயிரியல் படிச்சார். 25 வயசுல மெக்சிகோவுல கொஞ்ச நாள் பார்வையே போயிடுச்சு. திரும்பி வந்தாலும் மைக்ரோஸ்கோப் வேலை முடியல. அதுக்கப்புறம் ஊர்களைப் படிக்க ஆரம்பிச்சார். கல்யாணம் ஆன கையோட, மனைவி அன்னாவோட எடின்பரோவின் நெரிசலான பழைய குடியிருப்புக்கே குடிபோனார். அங்க கிடந்த குப்பை மேடுகள் சின்னச் சின்னத் தோட்டங்களாச்சு.

வரைபடங்கள் மூழ்கினாலும் அவர் விடல. நண்பர்கள் புதுசா சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில மெட்ராஸ்ல கண்காட்சி நடந்தது. பிறகு தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், கோயம்புத்தூர்னு தெருத்தெருவா நடந்தார். அதிகாரிகள் நேர்க்கோட்டுல ரோடு போட வீடுகளை இடிக்கச் சொன்னாங்க. இவரோ, பாழடைஞ்ச ரெண்டு மூணு வீட்டை மட்டும் எடுத்துட்டு, அந்த இடத்துல மரம் வைங்கன்னார். காத்தும் வரும், செலவும் கம்மி.

1917-ல மூத்த மகன் போர்ல இறந்தான். அன்னா அப்போ இந்தியாவுல படுத்த படுக்கை. அந்தச் செய்தியை அவங்ககிட்ட சொல்லாமலே மறைச்சார். சில வாரத்துல அவங்களும் போயிட்டாங்க.

அதுக்கப்புறமும் பம்பாய் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தார். 1925-ல டெல் அவிவ் நகரத்துக்குத் திட்டம் போட்டார். கடையும் வண்டியும் பெரிய ரோட்டுல. வீடுகள் உள்பக்கச் சின்னத் தெருக்கள்ல. நடுவுல எல்லாருக்குமான தோட்டம். 1932-ல பிரான்ஸ்ல காலமானார்.

இப்போ அரியலூருக்கு வருவோம். சிமென்ட் ஆலைக்கு அனுமதி கொடுக்கும்போது, பொதுவா மொத்த நிலத்துல 33% பசுமை வளையம் இருக்கணும்னு 2025 வரைக்கும் நிபந்தனை போட்டுட்டு வந்தாங்க. ஆனா அந்தக் கணக்கு காம்பவுண்டுக்குள்ளயே முடிஞ்சிடுச்சு. சுண்ணாம்புக்கல் லாரி போறது ஊருக்கு நடுவுல. வீட்டு வாசலுக்கும் அந்த ரோட்டுக்கும் இடையில எந்தச் சதவீதமும் இல்ல.

முதல்ல நடந்து பாரு, அப்புறம் வரைன்னுதான் கெடிஸ் கடைசி வரைக்கும் சொன்னார். சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களே, ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? ஒரு லாரி ரோட்டை எடுத்துக்கோங்க. ரோட்டோரம் எந்த வீட்டுக்கு முன்னாடி மரம் இருக்கு, எதுக்கு முன்னாடி இல்லன்னு நடந்து குறிச்சுட்டு வாங்க. கெடிஸா இருந்தா அங்கிருந்துதான் தொடங்கியிருப்பார்.