ஆரல்வாய்மொழியைக் கடந்த எழுதுகோல்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

மலையும் வயலும் கடலும் ஒருங்கே அமைந்த பெருமை நம் குமரி மாவட்டத்துக்கு உண்டு. அதன் கிழக்கு வாசலாக விளங்குவது ஆரல்வாய்மொழிக் கணவாய். நான் நாள்தோறும் அங்கிருந்துதான் பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வருகிறேன். தோவாளைப் பூச்சந்தையின் மணத்தையும், வயல்களுக்கிடையே சுழலும் காற்றாலைகளையும் பார்த்துக்கொண்டே வருவேன். இந்தச் சாலை வழியே ஒரு பத்திரிகை ஆசிரியரைக் காவலர்கள் நாட்டை விட்டு வெளியேற்றிக் கொண்டு போனார்கள் என்பது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை எனக்குத் தெரியாது. நம்மில் பலருக்கும் தெரியாதிருக்கலாம்.

அவர் திருடியவர் அல்லர். எவரையும் அடித்தவரும் அல்லர். எழுதினார், அவ்வளவுதான். அவர் பெயர் இராமகிருஷ்ண பிள்ளை. அவர் நடத்திய பத்திரிகையின் பெயர் ‘சுதேசாபிமானி’. அந்தப் பெயரே பின்னாளில் அவர் பெயருக்கு முன்னால் பட்டமாக ஒட்டிக்கொண்டது.

மலையாளத்தில் எழுதியவருக்கு நம் கல்லூரி மலரில் என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை நாஞ்சில் நாடும் நெய்யாற்றின்கரையும் ஒரே அரசின் கீழ்தான் இருந்தன. ஒரே மன்னர், ஒரே திவான், ஒரே வரி. அவர் எந்த ஆட்சியைத் தட்டிக்கேட்டாரோ, அந்த ஆட்சியின் கீழ்தான் நம் பாட்டன், முப்பாட்டன்மாரும் வாழ்ந்தார்கள்.

இளமையும் ஏடும்

1878ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூர்ப் பகுதியில் பிறந்தார் இராமகிருஷ்ண பிள்ளை. தந்தை கோயில் அர்ச்சகரான நரசிம்மன் போற்றி, தாயார் சக்கியம்மை. நெய்யாற்றின்கரையில் தொடங்கிய படிப்பு திருவனந்தபுரத்தில் தொடர்ந்தது. அங்கேயே கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் பி.ஏ. என்றால் சாதாரணமா? அரண்மனை உத்தியோகம் வாசலில் வந்து நிற்கும். வக்கீல் தொழிலுக்குப் போனாலும் வருமானம் உண்டு. வீட்டார் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் அவர் மனம் மாணவப் பருவத்திலேயே செய்தித்தாளில் தோய்ந்துவிட்டது. தாய்மாமனுக்கு இது பிடிக்கவில்லை. வீட்டுக்கும் பிள்ளைக்கும் பிணக்கு வந்தது. பிள்ளை தேர்ந்துகொண்டது ஏட்டைத்தான். ‘கேரள தர்ப்பணம்’, ‘கேரள பஞ்சிகை’, ‘மலையாளி’ என்று ஒன்றன் பின் ஒன்றாகப் பல இதழ்களுக்கு ஆசிரியராக இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டார். ஊதியம் குறைவு, பகை மிகுதி. இருந்தும் அவர் பின்வாங்கவில்லை.

மௌலவியின் அச்சகம்

ஆசிரியரின் துணிவைப் புகழ்வோர் பலர் அந்தத் துணிவுக்கு முதல் போட்டவரை மறந்துவிடுகிறார்கள். வக்கம் என்னும் ஊரைச் சேர்ந்த அப்துல் காதர் மௌலவி 1873இல் பிறந்தவர், மார்க்க அறிஞர், முஸ்லிம் சமுதாயத்தில் கல்வியும் சீர்திருத்தமும் பரவ உழைத்தவர். தம் சொந்தப் பணத்தில் வெளிநாட்டிலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்து, 1905ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் அஞ்சுதெங்கில் ‘சுதேசாபிமானி’யைத் தொடங்கினார். மறு ஆண்டில் இராமகிருஷ்ண பிள்ளை அதன் ஆசிரியரானார். 1907இல் பத்திரிகை தலைநகரான திருவனந்தபுரத்துக்கே இடம் பெயர்ந்தது.

உடைமையாளர் இஸ்லாமியர், ஆசிரியர் இந்து. இருவருக்கும் இடையில் மதம் குறுக்கே வரவில்லை. பணமும் குறுக்கே வரவில்லை. எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்று மௌலவி ஆசிரியருக்குக் கட்டளையிட்டதில்லை. அச்சகம் தம்முடையது, அது போனால் போவது தம் சொத்து என்பதை நன்றாக அறிந்துதான் அவர் அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தார். இப்படியொரு முதலாளி இன்றைக்கும் எத்தனை ஆசிரியர்களுக்கு வாய்ப்பார்?

அரண்மனையோடு மோதல்

அப்போது திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள். 1907 முதல் 1914 வரை திவானாக இருந்தவர் பி. இராஜகோபாலாச்சாரி. (நம் மூதறிஞர் இராஜாஜி வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையால் மயங்க வேண்டாம்.) அரண்மனையைச் சூழ்ந்திருந்த சிலரின் செல்வாக்கு, உத்தியோகங்களில் நடந்த லஞ்சம், திவானின் நிர்வாகம் ஆகியவற்றை ‘சுதேசாபிமானி’ இதழுக்கு இதழ் தாக்கியது. மன்னரும் மக்களுக்குக் கடமைப்பட்டவரே என்ற கருத்து அதன் பக்கங்களில் திரும்பத் திரும்ப ஒலித்தது. மன்னரைத் தெய்வத்தின் அடியாராக எண்ணி வணங்கிய நாட்டில் இது சின்னப் பேச்சன்று.

அவர் பேனா சில வேளைகளில் எல்லை மீறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திவானின் ஆட்சியைச் சாடியவர், அவருடைய தனி வாழ்வையும் விட்டுவைக்கவில்லை. சொற்கள் கடுமையாக இருந்தன. அவரை மதித்தவர்களிலும் சிலர் இதற்காக வருந்தினார்கள்.

காலத்தையும் நாம் மறக்கக் கூடாது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், நெல்லை கொந்தளித்தது. அதே ஆண்டு பாரதியார் புதுவைக்குச் சென்றார். 1910இல் ஆங்கிலேய அரசு பத்திரிகைகளின் குரல்வளையை நெரிக்கப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா முழுதும் எழுதுகோலுக்கு விலங்கு பூட்டிய காலம் அது. சமஸ்தானத்தில் அதற்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. மன்னரின் கையெழுத்து ஒன்றே போதும்.

நாடுகடத்தல்

1910ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அந்தக் கையெழுத்து வந்தது. பத்திரிகை தடை செய்யப்பட்டது. அச்சகம் பறிமுதல் ஆயிற்று. ஆசிரியர் கைதானார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, வாதாட வாய்ப்பும் இல்லை. திருவிதாங்கூருக்குள் இனிக் கால் வைக்கக் கூடாது என்பது ஆணை.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் இரயில் அன்று கிடையாது. நாகர்கோவிலுக்கும் நெல்லைக்கும் இடையே இருப்புப் பாதை வந்ததே 1981இல்தான். ஆகவே சாலை வழியாகத்தான் கொண்டுவந்தார்கள். அவர் பிறந்த நெய்யாற்றின்கரையைக் கடந்து, நம் நாஞ்சில் நாட்டு வயல்களைக் கடந்து, ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டித் திருநெல்வேலியில் விட்டார்கள். அப்போது அவருக்கு வயது 32. பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவே இல்லை.

மௌலவியின் அச்சு இயந்திரம் அரசின் பிடியில் கிடந்தது. மன்னிப்புக் கேட்டு அதை மீட்டுக்கொள்ள அவர் முயலவில்லை. ஆசிரியர் இல்லாத அச்சகம் தமக்கு எதற்கு என்று இருந்துவிட்டார் என்பார்கள். 1932இல் அவர் மறைந்தார். மன்னராட்சி ஒழிந்து, கேரள மாநிலம் பிறந்த பின்னர்தான் அந்த இயந்திரம் அவர் குடும்பத்தாரிடம் திரும்பி வந்தது.

வியாழவட்டம்

நாடு இழந்தவருக்கு வீடாக இருந்தவர் அவர் மனைவி கல்யாணி அம்மாள். இவரும் கற்றவர், எழுத்தாளர். முதல் மனைவி 1904இல் மறைந்தபின் இராமகிருஷ்ண பிள்ளை இவரை மணந்தார். கணவர் நாடுகடத்தப்பட்டதும் இவரும் உடன் சென்றார். சென்னை, பாலக்காடு, கண்ணூர் என்று ஊர் ஊராகக் குடும்பம் அலைந்தது. பாலக்காட்டில் எழுத்தாளர் தரவத்து அம்மாளு அம்மாள் அடைக்கலம் தந்து ஆதரித்தார். கல்யாணி அம்மாள் ஆசிரியையாகப் பணிபுரிந்து வீட்டைக் காப்பாற்றினார்.

பத்திரிகை போயிற்று, பேனா போகவில்லை. தாம் நாடுகடத்தப்பட்ட வரலாற்றைத் தாமே நூலாக எழுதினார். 1912இல் பத்திரிகைத் தொழிலைக் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். மலையாளத்தில் அத்துறையில் அதுவே முதல் பாடநூல். அதே ஆண்டில் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ரஷ்யப் புரட்சிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால்! இந்திய மொழிகளில் மார்க்ஸைப் பற்றி வெளிவந்த முதல் வரலாற்று நூல் அதுவே என்று கருதப்படுகிறது. காந்தியடிகளின் வரலாற்றையும் எழுதினார்.

வறுமையும் அலைச்சலும் உடலைத் தின்றன. காச நோய் பற்றியது. 1916ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் கண்ணூரில் அவர் உயிர் பிரிந்தது. முப்பத்தெட்டு வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. பையாம்பலம் கடற்கரையில் அவர் உடல் எரியூட்டப்பட்டது.

கணவரோடு வாழ்ந்த நாட்களைக் கல்யாணி அம்மாள் எழுதினார். அந்த நூலின் பெயரில் ‘வியாழவட்டம்’ என்ற சொல் இருக்கிறது. வியாழன் கோள் கதிரவனை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். வகுப்பில் நாங்கள் 11.86 என்று கணக்கிட்டோம். இயற்பியல் படிக்கும் எனக்கு அது அதுவரை வெறும் எண். ஒரு பெண்ணின் இல்வாழ்க்கை முழுவதும் அந்த எண்ணுக்குள் அடங்கிவிட்டதை நினைத்தபோது, அதை மீண்டும் வெறும் எண்ணாகப் பார்க்க முடியவில்லை.

மறைக்கக் கூடாத பக்கம்

இத்துடன் முடித்திருந்தால் கட்டுரை அழகாக இருந்திருக்கும். ஆனால் முடிக்க என் மனம் ஒப்பவில்லை.

1910ஆம் ஆண்டிலேயே, நாடுகடத்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்னால், வேறொரு செய்தி திருவிதாங்கூரைக் கலக்கியது. புலையர் முதலான ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளையும் அரசுப் பள்ளிகளில் சேர்க்க வேண்டும் என்று அரசு முனைந்தது. அதன் பின்னால் நின்றவர் வெங்ஙானூர் அய்யன்காளி. பள்ளிக்கூட வாசல் திறக்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று தம் மக்களைத் திரட்டியவர். நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றதற்காக அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள்.

அப்போது ‘சுதேசாபிமானி’ எந்தப் பக்கம் நின்றது? 1910 மார்ச் மாதத்தில் அது அந்த முயற்சியை எதிர்த்து எழுதியது. தலைமுறை தலைமுறையாக அறிவை உழுதவர்களின் பிள்ளைகளையும், நிலத்தை உழுதவர்களின் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைப்பதை, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி போதும் என்பது அதன் வாதம். பள்ளி வாசலைத் திறக்க முனைந்ததோ, அது நாள்தோறும் சாடிய அதே திவானின் அரசு.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. என் தாத்தா பிறர் வயலில் ஏர் பிடித்தவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். என் தந்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த எழுத்தில் வரும் எருமை யார் என்று எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அய்யன்காளியும் அதே காலத்தவர்தானே? நெய்யாற்றின்கரைக்கும் வெங்ஙானூருக்கும் எவ்வளவு தூரம்? இரண்டே ஆண்டில் மார்க்ஸை எழுதியவர் மனம் மாறியிருப்பார் என்றும் சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்லி அவரைக் காப்பாற்ற நான் விரும்பவில்லை.

அதற்காக அவர் பட்ட துன்பம் பொய்யாகிவிடுமா? ஆகாது. விசாரணையின்றி ஒருவரை நாடுகடத்தியது அநீதிதான். தனக்கு மேலே இருந்தவர்களிடம் அவர் அஞ்சவில்லை; நிமிர்ந்து கேள்வி கேட்டார். அந்தத் துணிவை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் தனக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தவர்கள் நிமிர்ந்தபோது, அதே பேனா தடுமாறியது. மேலே பார்க்கும்போது துணிவும், கீழே பார்க்கும்போது நீதியும் சேர்ந்திருந்தால்தான் எழுதுகோல் முழுமை பெறும். ஆட்சியாளர் எவராயினும் குறையை மறைக்கக் கூடாது என்பதுதான் அவர் வாழ்நாள் முழுதும் பிடித்த கொள்கை. அந்தக் கொள்கையை அவர்மீதே வைத்துப் பார்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.

இன்று மாலை நான் மறுபடியும் ஆரல்வாய்மொழிப் பேருந்தில் ஏறுவேன். அந்த ஆசிரியர் இந்தச் சாலையில் காவலர்களுக்கு நடுவே கிழக்கே போனார். நிலத்தை உழுதவரின் பேரனாகிய நானும் அதே சாலையில், பையில் புத்தகங்களோடு கிழக்கே போவேன். நம் வகுப்பறைகளில் யார் பிள்ளை யார் பக்கத்தில் இருக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. அந்த நிலை தானாக வந்ததன்று. அதற்காக அடிபட்டவர்களையும், அதை எதிர்த்து எழுதியவர்களையும் சேர்த்தே நாம் நினைவில் வைப்போம்.