பாடகியார் எழுப்பிய சந்நிதி

1878-ஆம் ஆண்டில் நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் தோன்றிய பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பெரும் பாடகியாகவே உலகம் அறியும். சென்னையில் குடியேறிக் கச்சேரிகளால் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருள் சென்றடைந்த இடத்தை அறிந்தோர் சிலரே.

1847-இல் சித்தியடைந்த ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் சமாதி, திருவையாற்றில் காவிரிக் கரையிலே பேணுவாரின்றிக் கிடந்தது. 1921-இல் பிடாரம் கிருஷ்ணப்பா கடித மூலம் அந்நிலையைத் தெரிவிக்கவே, அம்மையார் உள்ளம் உருகினார். சுவாமிகளே கனவில் தோன்றிப் பணித்தருளினார் என்றும் கூறுவர். சமாதி நிலத்தைப் பெற்று, அவ்வாண்டே அடிக்கல் நாட்டுவித்து, தம் வருவாயைக் கொண்டு சந்நிதி எழுப்பினார். 1925 ஜனவரி 7-ஆம் நாள் கும்பாபிஷேகம் இனிதே நிறைவேறியது.

ஆயினும் அக்காலத்து ஆராதனையில் பெண்டிர் பாட இடமில்லை. கோயில் கட்டியவருக்கும் இல்லை! என்னே விந்தை! அம்மையார் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பினாரல்லர். 1927 முதல் சந்நிதியின் பின்புறத்தே பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தலானார். அங்கே அவர்கள் பாடினர், ஹரிகதையும் நிகழ்த்தினர். ஆடவர் கட்சிகளோ தமக்குள்ளேயே பிளவுபட்டு நின்றன. 1940-ஐ ஒட்டி எல்லோரும் ஒன்றுகூடிய பின்னரே பெண்களின் குரல் பொது ஆராதனையிலும் ஒலித்தது.

இறுதிக் காலத்தில் திருவையாற்றிலேயே வசித்த அம்மையார், தம் சொத்தைச் சந்நிதிக்கே உயில் எழுதி வைத்தார். அங்கே வழிபடவும் பாடவும் பெண்களுக்கு உரிமை உண்டென்பது அவ்வுயிலின் நிபந்தனை. 1952 மே 19-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் சமாதியும் அருகிலேயே அமைந்துள்ளது. அங்குள்ள திருவுருவம் சுவாமிகளின் சந்நிதியை நோக்கியே அமர்ந்திருக்கிறது.