ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 1960) அமெரிக்க மருத்துவ மறைப்பணியாளர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனர். பேறுகாலத்தில் தாயும் சேயும் இறப்பதைத் தடுக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். இதற்குத் தூண்டுதலான நிகழ்வு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திண்டிவனத்தில் நடந்தது.

இளமை

இராணிப்பேட்டையில் மருத்துவர் ஜான் ஸ்கடர், சோபியா இணையருக்குப் பிறந்தார். 1876–78 பஞ்சத்தில் பசியால் வாடிய குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டார். அமெரிக்காவில் கல்வி கற்ற இவருக்கு மறைப்பணியில் நாட்டம் இருக்கவில்லை. தாயின் உடல்நலக்குறைவால் 1890இல் திண்டிவனம் வந்தபோதும், விரைவில் திரும்பிச் செல்லவே எண்ணியிருந்தார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையில் இருந்த தத்தம் மனைவியரைக் காப்பாற்றுமாறு ஐடாவை வேண்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் வேறொரு இந்து வகுப்பினர். ஐடா மருத்துவம் கற்றவரல்லர். மருத்துவரான தந்தை அருகிலேயே இருந்தும், அந்நிய ஆடவர் பெண்களைப் பார்ப்பதை அக்காலக் கட்டுப்பாடு தடுத்ததால் மூவரும் அவரை ஏற்கவில்லை. மறுநாள் காலை மூன்று பெண்களும் இறந்துவிட்டதை ஐடா அறிந்தார். இதன் பின்னரே மருத்துவம் பயில முடிவு செய்தார்.

மருத்துவப் பணி

பிலடெல்பியாவிலும், பின்னர் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சை தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. நோயாளிகள் நகருக்கு வர இயலாத நிலையில், ஊர்ப்புறங்களுக்குச் சென்று சாலையோர மரநிழலில் மருத்துவம் பார்த்தார்.

ஒரு மருத்துவரால் மட்டும் இத்தேவை தீராது என உணர்ந்து, இந்நாட்டுப் பெண்களைப் பயிற்றுவிக்க முற்பட்டார். 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டன. பிற்காலத்தில் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

1946இல் ஓய்வு பெற்ற ஐடா, கொடைக்கானலில் வாழ்ந்து அங்கேயே காலமானார்.

குழந்தை நலத்தில் தாக்கம்

பேறு நீடித்து மூச்சுத்திணறலுக்கு உள்ளாகும் குழந்தைகளுள் சிலருக்குத் தலை நிற்றல், தவழ்தல், நடத்தல், பேசுதல் ஆகிய வளர்ச்சிப் படிநிலைகள் தாமதமாகலாம். ஆகவே பயிற்சி பெற்றவர் பார்க்கும் பேறு தாயின் உயிரை மட்டுமன்றிக் குழந்தையின் எதிர்காலத்தையும் காக்கிறது. இத்தகைய தாமதமுள்ள குழந்தைகளுக்கென வேலூர் மருத்துவமனையில் தனிப் பிரிவு இயங்கி வருகிறது.