தீனபந்து ஆண்ட்ரூஸ்

டிக்கோயா வார்லி தேவாலயத்தை நம் அன்பர்களிற் பலர் பார்த்திருப்பர். 1878ஆம் ஆண்டில் வெள்ளைத் துரைமார் தமக்கென எழுப்பிய கோயில் அது. ஞாயிறன்று இத்தகைய கோயில்களில் மண்டியிட்ட துரையே திங்களன்று பெரட்டில் நின்று அரைப்பேர் போடுவார். 1854 முதல் இம்மலைகளில் கிறிஸ்தவப் போதனை செய்துவந்த சபைக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர். அதன் உபதேசிமார் லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த நன்றியை நாம் மறக்கவில்லை. ஆயினும் நம் பாட்டன்மாரிற் பலருக்கு ஏசுநாதர் துரையின் சாமியாகவே தென்பட்டார். அவர்கள் வேதப் புத்தகத்தைப் படித்தவர்களல்லர், துரையைப் பார்த்தவர்கள்.

அதே இனத்திலும் அதே சமயத்திலும் பிறந்து, அந்த எண்ணத்தை மாற்றிக் காட்டிய ஒருவரின் வரலாற்றை இம்மலரில் கூற விரும்புகிறோம்.

சார்ல்ஸ் பிரியர் ஆண்ட்ரூஸ் 1871 பெப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கற்றுக் குருப்பட்டம் பெற்று, 1904இல் டில்லி புனித ஸ்தேவான் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். கல்லூரித் தலைமை வெள்ளையருக்கே உரியதென்றிருந்த காலம். அப்பதவி இந்தியரான சுசில் குமார் ருத்ராவுக்கே உரியதென்று ஆண்ட்ரூஸ் வாதாடினார். 1906இல் ருத்ரா தலைவரானார்.

1914 ஜனவரித் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும், தம்மை எதிர்கொள்ள வந்த காந்தியடிகளின் பாதத்தைக் குனிந்து தொட்டார். வெள்ளையர் கொதித்தனர். ஒரு பாதிரியார் ஓர் இந்தியனின் காலைத் தொடுவதா? அந்நாட்டில் ஒப்பந்தக் கூலிகளாய் வதைபட்டவர்களுள் நம் தமிழ் மக்கள் ஏராளம் என்பதை இங்கே நினைவூட்டுகிறோம். அடுத்த ஆண்டே பியர்சன் என்ற நண்பருடன் பீஜித் தீவு சென்று, கரும்புத் தோட்ட லயங்களின் அவலத்தை நேரிற் கண்டு அறிக்கை எழுதினார். ஒப்பந்தக் கூலி முறை ஒழிவதற்கு அவ்வறிக்கை பெருந்துணையாயிற்று. 1920 ஜனவரி முதல் நாள் பீஜியின் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. தீனபந்து, அதாவது எளியோரின் உறவினர், என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

தேயிலைத் தோட்டத்து மக்களாகிய நாம் அறியவேண்டியது 1921இல் நடந்தது. அவ்வாண்டு மே மாதம், சர்கோலாப் பள்ளத்தாக்கின் தேயிலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர், கூலி போதாமல் தோட்டங்களைத் துறந்து, பெண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பப் புறப்பட்டனர். சாந்தபூர் ஆற்றுத் துறையில் அவர்கள் மறிக்கப்பட்டனர். மே 20ஆம் நாள் இரவு, ரயில் நிலையத்தில் உறங்கியவர்களைக் கூர்க்காப் படையினர் அடித்துத் துரத்தினர். பின்னர் வாந்திபேதி பரவிற்று. ஆண்ட்ரூஸ் அங்கே ஓடி, நோயாளிகளிடையே இருந்து பணிவிடை செய்தார். வழிச்செலவு கொடுக்குமாறு அரசாங்கத்திடம் மன்றாடினார், அரசாங்கம் இணங்கவில்லை. அவர்களை அடக்கிய அரசும் கிறிஸ்தவ அரசே. அவர்களுக்காக நின்றவரும் கிறிஸ்தவரே.

அதே 1921இல்தான் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. அந்தத் துண்டில் எழுதிய கடனுக்குத் துரை மட்டும் பொறுப்பல்லர். பெரிய கங்காணியின் நெற்றியில் திருநீறு பளிச்சிட்டது. தோட்டக் கோயில் திருவிழாவில் முதல் மரியாதையும் அவருக்கே. அவரைப் பார்த்து நம் சமயத்தை எடைபோட்ட அந்நியன் என்ன நினைத்திருப்பான்? கிறிஸ்தவரை மட்டும் குறை கூறுவது நமக்கு அழகன்று.

1924இல் காந்தியடிகள் டில்லியில் 21 நாள் உண்ணாவிரதமிருந்தபோது ஆண்ட்ரூஸ் அருகிலேயே இருந்தார். தாகூரின் சாந்திநிகேதனம் அவருக்கு வீடாயிற்று. யாரையும் மதம் மாறச் சொல்லாத இப்பாதிரியார் மூலமே இந்துக்கள் பலர் ஏசுநாதரிடம் அன்பு கொண்டனர்.

1940 ஏப்ரல் 5ஆம் நாள் கல்கத்தாவிற் காலமானார். அவரது உடல் அந்நகரின் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது.