ஆவியிடம் மன்றாடிய மகாராணி!

காசிக்குப் போய் விஸ்வநாதரைத் தரிசித்து வந்தவரா நீங்கள்? கூட்டத்தில் நசுங்கி, கையிலிருக்கும் வில்வத்தையும் பால் சொம்பையும் பத்திரமாகக் காப்பாற்றி, ஒரே ஒரு கணம் அந்தச் சிறிய லிங்கத்தைக் கண்ணாரக் கண்டு, கண் கலங்க வெளியே வந்திருப்பீர்கள். அந்த ஒரு கணத்துக்காக நாம் ஒரு பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒளரங்கசீப்பின் ஆணைப்படி 1669-ல் இடிக்கப்பட்டது விஸ்வநாதர் ஆலயம். அதற்குப் பிறகு நூறு வருடங்களுக்கும் மேல் கழித்து, 1780-ல் இப்போது நாம் வணங்கும் கோயிலைக் கட்டியவர், மாளவ தேசத்தை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர்.

சோமநாதத்தில் சிதைந்து கிடந்த ஆலயத்துக்கு அருகிலேயே புதுக் கோயில், கயையில் விஷ்ணு பாதம், எல்லோரா அருகே கிருஷ்ணேஸ்வரர் ஆலயம் என்று அவர் செய்த திருப்பணிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். நம் தென்னாட்டுக் கோயில்களின் அபிஷேகத்துக்கு வருடா வருடம் கங்கை நீரை அனுப்பி வைத்த புண்ணியவதி.

கோயில் கட்டிய மகாராணியை எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளையைப் பெற்று, அவனால் தலை குனிந்து நின்ற அம்மாவை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த அம்மாவைப் பற்றித்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

மகாராஷ்டிரத்தில் சௌண்டி என்று ஒரு சிற்றூர். அந்த ஊர் பாட்டீல் மாங்கோஜி ஷிண்டேயின் மகளாக 1725-ல் பிறந்தார் அகல்யா. பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல் வழக்கமில்லாத அந்தக் காலத்தில், அவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தார் அப்பா. பேஷ்வாவின் தளபதி மல்ஹர் ராவ் ஹோல்கர் அந்த ஊர் வழியாகப் போனபோது, கோயிலில் இந்தச் சிறுமியின் பக்தியைப் பார்த்து வியந்து, மருமகளாக்கிக் கொண்டார் என்று சொல்வார்கள். 1733-ல் அவருடைய மகன் கண்டேராவுக்கும் அகல்யாவுக்கும் திருமணம். அப்போது அகல்யாவுக்கு வயது எட்டு!

1745-ல் மகன் மாலேராவ், 1748-ல் மகள் முக்தாபாய் என்று இரண்டு குழந்தைகள். 1754-ல், கும்பேர் கோட்டை முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டு கண்டேராவ் இறந்துபோனார். அகல்யாபாய்க்கு இருபத்தெட்டு வயது. உடன்கட்டை ஏறத் தயாரானார். மல்ஹர் ராவ் கண்ணீர் விட்டுக் கெஞ்சினார். இனி நீதான் எனக்கு மகன், இந்தக் கிழவனை அநாதையாக்கி விட்டுப் போகாதே என்று மன்றாடினாராம். அகல்யாபாய் சிதையிலிருந்து விலகி, மாமனாரின் கணக்கு வழக்குகளுக்குள் வந்தார். கணக்கு என்றால் வீட்டுக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1765-ல், படைக்கு வேண்டிய பீரங்கி வேலைகளைப் போய்க் கவனி என்று மருமகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார் அந்த மாமனார்!

மறுவருடம் மல்ஹர் ராவ் காலமானார். பேரன் மாலேராவ் அரியணை ஏறினான். அகல்யாபாயின் சோதனைக் காலம் இங்கேதான் தொடங்கியது.

மாலேராவுக்கு அடுத்தவர் துடிப்பதைப் பார்ப்பது ஒரு விளையாட்டு. அம்மா வேத பிராமணர்களை அழைத்துத் தானம் கொடுப்பார். பிள்ளையோ அவர்களுக்குக் கொடுக்கும் துணிகளிலும் செருப்புகளிலும் தேளை விட்டு வைப்பான். பணம் போட்ட குடத்துக்குள்ளும் தேள் இருக்கும். ஆசையாகக் கையை விட்டவர் அலறுவார். இவன் கைகொட்டிச் சிரிப்பான். சாமி கும்பிட்டு, விரதம் இருந்து, புராணம் படித்து வளர்த்த அம்மாவின் கண்ணெதிரில் இது நடந்தது. அகல்யாபாய் இதை மூடி மறைக்கவில்லை. எல்லோரும் அறிய, வாய்விட்டு அழுதார்.

எல்லோரும் அறிய என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நாம் என்ன செய்வோம்? தெருவில் கிரிக்கெட் ஆடிய பிள்ளை எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்தால், எங்க பையன்தான் உடைத்தான் என்று நீங்கள் பார்த்தீர்களா என வாசலில் நின்று சண்டைக்குப் போகிறோம். பதினாறு வயதில் கார் சாவியைக் கொடுத்துவிட்டு, விபத்து நடந்ததும் ஓட்டியது டிரைவர்தான் என்று சாட்சி சொல்லவைக்கும் பெற்றோரைப் பற்றியும் பேப்பரில் படிக்கிறோம். மகாராணி நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். தட்டிக் கேட்க யார் இருந்தார்கள்?

ஒருநாள் விளையாட்டு வினையாயிற்று. துணியில் பூ வேலை செய்யும் ஒருவருக்கும் அரண்மனைப் பணிப்பெண் ஒருத்திக்கும் பழக்கம் என்று சந்தேகப்பட்டான் மாலேராவ். விசாரணை எதுவுமில்லை. அந்தத் தொழிலாளியைக் கொன்றுவிட்டான். பிறகுதான், அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யாதவர் என்று தெரிய வந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சி மாலேராவைப் பைத்தியமாக்கியது. இறந்தவரின் ஆவி அவனைப் பிடித்துக்கொண்டதாக அரண்மனையில் எல்லோரும் நம்பினார்கள், அகல்யாபாய் உட்பட. இரவும் பகலும் மகனின் கட்டில் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஆவியிடம் பேசினார். உனக்குக் கோயில் கட்டுகிறேன், உன் குடும்பத்துக்கு நிலம் எழுதி வைக்கிறேன், என் பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று மன்றாடினார். குற்றமற்ற என்னைக் கொன்றான், அவன் உயிர்தான் வேண்டும் என்பதே பதிலாக அவர் காதில் விழுந்ததாம். 1767-ல் மாலேராவ் இறந்தான். அவன் ஆண்டது ஒன்பது மாதம்கூட நிரம்பாது.

ஆவி, பேய் என்பதையெல்லாம் நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் நெகிழ்ந்து போனது வேறொரு இடத்தில். என் பிள்ளை அப்படிச் செய்யவில்லை என்று அந்த அம்மா ஆவியிடம்கூட வாதாடவில்லை. செத்தவன் ஒரு கூலிக்காரன்தானே என்றும் நினைக்கவில்லை. கொலையுண்டவருக்கும் அவர் குடும்பத்துக்கும் தான் கடன்பட்டிருப்பதை முதலில் ஒப்புக்கொண்டார். பிறகுதான் பிள்ளையின் உயிரைக் கேட்டார்.

இந்தூர் பக்கம் இதே தாயையும் மகனையும் பற்றி வேறு ஒரு கதை உண்டு. மாலேராவின் தேர் ஏறி ஒரு கன்றுக்குட்டி செத்துப்போக, தாய்ப் பசு வீதியிலேயே நின்றதாம். அதைக் கண்ட அகல்யாபாய், மகனைத் தெருவில் கிடத்தித் தானே தேரேற்றப் புறப்பட்டபோது, அந்தப் பசுவே குறுக்கே வந்து வந்து மறித்ததாம். இந்தூரின் ஆடா பஜார் என்ற கடைவீதிக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான் என்பார்கள். ஆடா என்றால் குறுக்கே என்று பொருள். சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடிய திருவாரூர் மனுநீதிச் சோழன் ஞாபகத்துக்கு வருகிறாரா? நீதி தவறாத அரசர்களைப் பற்றி நம் தேசம் முழுக்க இப்படி ஒரே கதையைச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்கள்.

கேட்கச் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், எனக்கென்னவோ கட்டில் அருகே உட்கார்ந்திருந்த அம்மாதான் இன்னும் உயர்ந்தவராகத் தெரிகிறார். கதையில் பசு வந்து காப்பாற்றிவிடுகிறது. நிஜத்தில் எந்தப் பசுவும் வரவில்லை.

மகனை அகல்யாபாயே கொன்றுவிட்டார் என்றுகூட ஊர் பேசியது. பல வருடங்களுக்குப் பிறகு, அந்தப் பகுதிப் பெரியவர்களிடமெல்லாம் விசாரித்து 1823-ல் நூல் எழுதிய ஜான் மால்கம் என்ற ஆங்கில அதிகாரி, அது வீண் பழி என்று தீர்மானமாக மறுத்திருக்கிறார்.

அதன் பிறகு முப்பது வருடங்களுக்குச் சற்றுக் குறைவாக அகல்யாபாய் ஆண்டார். யாராவது ஒரு குழந்தையைத் தத்தெடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுங்கள் என்று யோசனை சொன்ன அமைச்சரை மறுத்தார். அரசைப் பறிக்கப் படையோடு கிளம்பிய ரகுநாத ராவுக்கு, பெண்ணிடம் ஜெயித்தால் உனக்குப் பெருமையில்லை, தோற்றால் தலை காட்ட முடியாது என்று செய்தி அனுப்பினார். சேனையை துக்கோஜி ஹோல்கர் என்ற நம்பிக்கையான தளபதியிடம் ஒப்படைத்துவிட்டு, நர்மதைக் கரையில் மகேஷ்வரில் இருந்தபடி, தினமும் தானே உட்கார்ந்து குடிமக்களின் வழக்கைக் கேட்டார். விசாரிக்காமல் ஒரு தலை உருண்ட வீடல்லவா அது! உத்தரவுகளில் ஸ்ரீசங்கரர் பெயரையே முத்திரையாக வைத்தார்.

குடும்பத்துக்கென இருந்த தனிச் செல்வத்தை, கங்கை நீரும் துளசியும் இட்டு, தர்மத்துக்கே என்று சங்கல்பம் செய்துவிட்டார். பிள்ளையில்லாமல் இறந்த தேவிசந்த் என்ற பணக்கார வியாபாரியின் சொத்தில் பங்கு கேட்டுப் படையோடு இந்தூரில் நின்ற துக்கோஜியை, அந்த விதவையின் முறையீட்டைக் கேட்டுத் திரும்பிப் போகச் சொன்னார். சொந்தத் தளபதிக்காகக்கூட நியாயத்தை வளைக்கவில்லை. வெயில் காலத்தில் ஏர் மாடுகளுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் போட்டார். விளைந்த வயல்களை விலைக்கு வாங்கி, பறவைகள் தின்னட்டும் என்று விட்டுவைத்தார்.

ஒரு பண்டிதர் அவரைப் புகழ்ந்து ஒரு புத்தகமே எழுதி வந்து படித்துக் காட்டினார். பொறுமையாகக் கேட்டார் அகல்யாபாய். இவ்வளவு புகழ்ச்சிக்குத் தகுதியில்லாத பலவீனமான பெண் நான் என்று சொல்லி, புத்தகத்தை நர்மதையில் எறியச் சொல்லிவிட்டார்.

1791-ல் மருமகன் யஷ்வந்த் ராவ் இறந்தார். பேரன் அதற்கு முன்பே போய்விட்டான். மிஞ்சியிருந்த ஒரே பிள்ளை முக்தாபாய் உடன்கட்டை ஏறப் போவதாகச் சொன்னாள். முப்பத்தேழு வருடங்களுக்கு முன் மாமனார் தன்னிடம் கெஞ்சியதைப் போலவே, மகளிடம் கெஞ்சினார் அகல்யாபாய். தரையில் விழுந்து மன்றாடினார். மகள் கேட்கவில்லை. சிதை எரிந்தபோது இரண்டு பேர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நர்மதையில் குளித்துவிட்டு அரண்மனைக்குப் போனவர், மூன்று நாட்கள் ஒரு வாய் சாப்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எழுந்து வந்து, மகளுக்கும் மருமகனுக்கும் ஒரு நினைவு மண்டபம் கட்ட ஏற்பாடு செய்தார்.

1795 ஆகஸ்ட் 13 அன்று அவர் காலமானார். மகேஷ்வருக்கு நீங்கள் போனால், கோட்டைக்குள் அவர் வழிபட்ட பூஜை அறையைப் பாருங்கள். அவர் ஏற்படுத்திய பார்த்திவ லிங்க பூஜை இன்றும் காலை நேரத்தில் நடக்கிறது. மண்ணைப் பிசைந்து, குட்டிக் குட்டியாக ஆயிரக்கணக்கில் சிவலிங்கங்கள் பிடிக்கிறார்கள். பூஜை முடிந்ததும் அத்தனையையும் படியிறங்கிக் கொண்டுபோய் நர்மதையில் கரைத்துவிடுகிறார்கள்.